எங்கள் பள்ளிக்கூடத்தில் வேறு எந்தப் பிரிவு இருக்கிறது? வன்னியின் கல்வி அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

வன்னிப் பாடசாலைகளில் எந்த உயர்தரப் பிரிவு நடக்கும், எது நடக்காது என்று தீர்மானிக்கும் கல்வி அதிகாரிகளுக்கும், பட்டதாரி நியமனங்கள் பற்றி முடிவெடுப்பவர்களுக்கும்,

சாதாரண தரப் பெறுபேறு வந்த கையோடு துணுக்காய்ப் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் வழிகாட்டல் கருத்தரங்கு வைத்தீர்கள். உயர்தரத்தில் என்ன படிப்பது என்பதுதான் தலைப்பு. பேச வந்த உங்கள் அதிகாரி ஒருவர் சொன்னார்: "ஆர்ட்ஸ் எடுக்கிற பிள்ளையள் இப்பவே ஒரு தறப்பாள் வாங்கி வையுங்கோ. பட்டம் முடிச்சாப் பிறகு கச்சேரி வாசலில கொட்டில் போட உதவும்." வேலை கேட்டுக் கச்சேரிக்கு, அதாவது மாவட்டச் செயலகத்துக்கு, முன்னால் பட்டதாரிகள் கொட்டில் போட்டுப் போராடியதைத்தான் பகிடி பண்ணினார். மண்டபம் சிரித்தது. பெற்றோரும் சிரித்தார்கள். போரில் இடம்பெயர்ந்து தறப்பாளின் கீழ் மாரி கழித்த சனம் அது, அதை விட்டுவிடுகிறேன்.

விடமுடியாதது வேறு. அந்தப் பாடசாலை 1சீ வகை. அங்கே உயர்தரத்தில் கலைப்பிரிவும் வர்த்தகப்பிரிவும் மட்டும்தான். கணக்கியல் ஆசிரியர் இடமாற்றம் பெற்றுப் போன பிறகு வர்த்தகப்பிரிவும் பெயருக்குத்தான். என் அக்காவின் மகள் அந்த மண்டபத்தில் இருந்தாள். அன்றிரவு என்னைக் கேட்டாள்: "சித்தி, ஆர்ட்ஸ் வேண்டாமெண்டால் நான் என்னத்தைப் படிக்கிறது? இஞ்ச வேற என்ன இருக்கு?" அந்தக் கேள்வியை அப்படியே உங்களுக்கு அனுப்புகிறேன். ஒரே ஒரு பஸ் ஓடுகிற ஊரில் நின்றுகொண்டு, ஏன் இந்தப் பஸ்ஸில் ஏறினாய் என்று பிள்ளையைக் கேட்பது என்ன நியாயம்?

நானும் கலைப்பட்டதாரிதான். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் புவியியல் படித்தேன். இப்போது கண்ணிவெடி அகற்றும் நிறுவனம் ஒன்றின் வரைபடப் பிரிவில் வேலை செய்கிறேன். அதனால் இந்த விடயத்தில் எனக்குப் பக்கச்சார்பு உண்டு. அதோடு கண்ணால் கண்டதும் உண்டு.

பட்டத்தின் பாடத்துக்கும் வேலைக்கும் சம்பந்தமே இல்லை என்று சொல்லி யாரையும் ஏமாற்ற நான் வரவில்லை. மருத்துவர், தாதி, பொறியியலாளர், நில அளவையாளர் போன்ற வேலைகளுக்கு வாசல் ஒன்றுதான். உயர்தரத்தில் அந்தப் பிரிவை எடுக்காதவர் பிறகு நினைத்தாலும் உள்ளே போகமுடியாது. வேலையற்ற பட்டதாரிகளில் கலைப்பட்டதாரிகளே அதிகம் என்பதையும் மறுக்கவில்லை. தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களத்தின் தொழிற்படை அளவீடுகளைப் பார்த்தால், குறையப் படித்தவர்களைவிட உயர்தரமும் அதற்கு மேலும் படித்தவர்களிடையேதான் வேலையின்மை வீதம் கூட; அவர்களிலும் ஆண்களைவிடப் பெண்களிடையே கூட. ஆகவே உங்கள் அதிகாரி காற்றில் பேசினார் என்று சொல்லமாட்டேன். உண்மையில் ஒரு துண்டை எடுத்து, அதைப் பிள்ளையின் தலையில் பழியாகப் போட்டார் என்றுதான் சொல்கிறேன்.

என் வகுப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே பீடம், ஒரே பாடம், ஒரே விடுதி, அப்போது மாதம் 5000 ரூபாவாக இருந்த மகாபொல உதவிப்பணத்தில் ஒரே மாதிரி அரைவயிறு. பட்டச் சான்றிதழில் பெயரைத் தவிர வேறு வித்தியாசம் இல்லை. இன்று ஒருத்தி வங்கியில். ஒருத்தி பிரதேச செயலகத்தில். ஒருவன் கனடாவில். ஒருத்தி பரந்தனில் கணவனின் கடையைப் பார்க்கிறாள். சந்தோசமாகத்தான் இருக்கிறாள், அவளை யாரும் வேலையற்ற பட்டதாரி என்று பரிதாபப்படத் தேவையில்லை. பாடம்தான் தலைவிதி என்றால் இவர்கள் எல்லாரும் ஒரே இடத்தில் அல்லவா நிற்கவேண்டும்?

எங்களைப் பிரித்தது எது என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். என் விடயத்தில் அது ஒற்றைப் பாட அலகு. புவியியல் தகவல் முறைமை என்ற அந்த அலகுக்கு ஆய்வுகூடத்தில் கணினிகள் குறைவு; கதிரை கிடைத்த அளவுக்குத்தான் ஆட்களை எடுத்தார்கள். எனக்குக் கிடைத்தது. கியூஜிஐஎஸ் என்ற இலவச வரைபட மென்பொருளை ஒரு பழைய மடிக்கணினியில் ஏற்றி, இறுதி வருட ஆய்வுக்கு எங்கள் ஊர்ச் சின்னக் குளங்களை ஒவ்வொன்றாக வரைந்தேன். அலைகரை எங்கே, எந்தக் குளத்துக்குள் இப்போது வயல் இருக்கிறது, எந்த வாய்க்கால் காட்டுக்குள் மறைந்துபோயிற்று என்றெல்லாம். பிறகு நேர்முகத்தேர்வுக்குப் போனபோது என் பட்டம் முதல் வகுப்பா இரண்டாம் வகுப்பா என்று யாரும் கேட்கவில்லை. ஒரு கணினியையும் ஜீபீஎஸ் புள்ளிகள் எழுதிய தாளையும் தந்து, இந்தக் காணியின் எல்லையைப் போட்டுக் காட்டுங்கள் என்றார்கள். அடுத்த கேள்வி, மோட்டார் சைக்கிள் ஓடத் தெரியுமா என்பது. கண்ணிவெடி அகற்றும் முகமாலைப் பக்கம் போய்வர அது பட்டத்தைவிட முக்கியம் என்று பிறகு விளங்கியது.

கதிரை கிடைக்காதவர்களில் என் தோழி ஒருத்தி இருந்தாள். என்னைவிடக் கெட்டிக்காரி, பட்டத்திலும் என்னைவிட உயர்ந்த சித்தி. நியமனத்துக்குக் காத்திருந்து, 2020 இல் மாதம் 20,000 ரூபா கொடுப்பனவோடு அரசாங்கத்தில் பயிலுநராக எடுபட்டாள். முதலில் ஒரு கந்தோர். அங்கே கதிரையும் இல்லை, வேலையும் இல்லை. பிறகு அபிவிருத்தி உத்தியோகத்தர் என்று பெயர் மாறி ஒரு பாடசாலைக்கு இணைக்கப்பட்டாள். ஆசிரியர் செய்யும் வேலை முழுவதும் செய்கிறாள். ஆசிரியர் சேவைக்குள் மட்டும் அவள் இல்லை. தன்னைப் போன்றவர்களோடு சேர்ந்து தெருவுக்கு இறங்கியும் பார்த்துவிட்டாள்.

இன்னொருவன் இந்து நாகரிகம் படித்தவன். வவுனியாவில் வளர்ந்ததால் சிங்களம் தண்ணீர்பட்ட பாடு. நிதி நிறுவனக் கிளை ஒன்றின் முகாமையாளராக இருக்கிறான். தலைமை அலுவலகத்தோடு தொலைபேசியில் அவன் பேசுகிற சிங்களம்தான் அவனை அங்கே இருத்தியது. அவனுக்கு வேலை கொடுத்தவர்கள் அவன் என்ன பாடம் படித்தான் என்று கேட்டார்களோ தெரியாது.

அடுத்த பக்கத்தையும் பாருங்கள். "நல்ல" பாடம் படித்தவர்களின் கதை.

வன்னி முழுக்க வயல். இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் இம்முறை சிறுபோகம் எத்தனை ஏக்கர் என்று வருடாவருடம் கூட்டம் கூடி மல்லுக்கட்டுகிற மண். விவசாய பீடம் கிளிநொச்சி அறிவியல் நகரிலேயே இருக்கிறது. விவசாயம் படித்தவருக்கு இங்கே வேலை இல்லாமல் போகுமா என்று யாரும் கேட்பார்கள். எங்கள் ஒழுங்கையில் இருக்கும் விவசாயப் பட்டதாரி ஒருவர் லீசிங் நிறுவனத்தில் வேலை செய்கிறார். நெல் வெட்டு முடிந்தவுடன் வயல்காரர்களின் வீடுகளுக்குப் போய் உழவு இயந்திரத் தவணை அறவிடுவதுதான் தொழில். மண் பரிசோதனையும் பூச்சி முகாமைத்துவமும் படித்த மனிசன். விவசாயத் திணைக்களம் ஆள் எடுத்தால் அவருக்கு வேலை, எடுக்காவிட்டால் இல்லை. நடுவில் வேறு எதுவும் இங்கே கட்டியெழுப்பப்படவில்லை. அதே அறிவியல் நகரில் பொறியியல் பீடமும் இருக்கிறது. அங்கிருந்து வெளியேறுகிறவர்களில் நான் அறிந்த எல்லாரும் கொழும்பில் அல்லது கட்டாரில் அல்லது அவுஸ்திரேலியாவில். அவர்களில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பீடம் எங்கள் மண்ணில் இருக்கிறது, வேலை இல்லை, அவ்வளவுதான்.

பல்கலைக்கழகமே போகாதவர்களும் இருக்கிறார்கள். 2016 இல் கிளிநொச்சியில் திறந்த இலங்கை–ஜேர்மன் பயிற்சி நிலையத்தில் வாகனத் தொழில்நுட்பம் படித்துத் தேசிய தொழிற் தகைமைச் சான்றிதழோடு வந்த என் பெரியம்மாவின் பேரன், என்னைவிட முந்தி உழைக்கத் தொடங்கினான். கல்யாணப் பேச்சு வந்தபோதுதான் "பெடியன் கம்பஸ் போகேல்லையாம்" என்று ஒரு வீட்டில் பின்வாங்கினார்கள். இது உங்கள் குற்றமில்லை, எங்கள் சனத்தின் குணம். இருந்தாலும் அந்தக் குணத்துக்கு எண்ணெய் வார்ப்பது யார்? கருத்தரங்குகளில் மருத்துவபீடம், பொறியியல்பீடம் என்று தொடங்கி, கடைசி ஐந்து நிமிடத்தில் "மற்றவர்கள் தொழிற்பயிற்சிக்குப் போகலாம்" என்று முடிக்கிறவர்கள் யார்?

இனி, அந்தப் "தெரிவு" எப்படி நடக்கிறது என்பதற்கு வருகிறேன். நீங்கள் கேட்கவேண்டிய இடம் இதுதான்.

இப்போது உயர்தர வகுப்புக்குள் வரும் பிள்ளைகள் பெரும்பாலும் போர் முடிந்த 2009 ஐ ஒட்டிப் பிறந்தவர்கள். சிலரின் பிறப்புச் சான்றிதழில் பிறந்த இடம், இடம்பெயர்ந்தோர் முகாம்கள் இருந்த செட்டிக்குளம் என்று இருக்கும். அவர்களின் அண்ணன் அக்காமார் மரத்துக்குக் கீழே படித்தார்கள். இவர்களுக்குக் கட்டடம் வந்துவிட்டது. கட்டடத்துக்குள் ஆசிரியர் வந்தாரா என்பதுதான் கேள்வி. விஞ்ஞான, கணிதப் பிரிவுகள் 1ஏபி பாடசாலைகளில்தான் நடக்கும். எங்கள் பக்கத்துக் கிராமப் பாடசாலைகள் பலவற்றுக்கு அந்தத் தரம் இல்லை. கணிதத்தில் ஏ எடுத்த பிள்ளை பௌதிகவியல் படிக்கவேண்டுமென்றால் மல்லாவிக்கோ மாங்குளத்துக்கோ கிளிநொச்சிக்கோ போய்வரவேண்டும், அல்லது விடுதி தேடவேண்டும். பாடசாலை முடிந்து ரியூசனும் முடிந்தால் இரவாகிவிடும். கடைசி பஸ் போய்விடும். ஆண்பிள்ளையென்றால் யாரும் தெரிந்தவரின் மோட்டார் சைக்கிளில் வந்து சேர்வான். பெண்பிள்ளைக்கு அந்தக் கணமே தீர்ப்பு எழுதப்பட்டுவிடும்: "உள்ளூரிலேயே ஆர்ட்ஸ் படி." யானை வரும் ரோட்டில் பதினாறு வயதுப் பிள்ளையை இருட்டில் விடாத தாயை நான் குறை சொல்லமாட்டேன். நீங்கள் சொல்வீர்களா?

மருத்துவம், பொறியியல் போன்ற துறைகளுக்குப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு 40 வீதத்தை அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதத்தை மாவட்ட அடிப்படையிலும், மேலதிகமாக 5 வீதத்தைக் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கும் ஒதுக்குகிறது. கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார், வவுனியா நான்கும் அந்தப் பதினாறுக்குள் அடங்கும். எழுபதுகளில் தரப்படுத்தல் என்று தொடங்கிய இந்தக் கோட்டாவின் பழைய வரலாறு எங்களுக்கு எவ்வளவு கசப்போ, இன்றைய கணக்கில் அது எங்கள் பிள்ளைகளுக்குத் திறந்த கதவு. கதவைத் திறந்துவிட்டு, அதுவரை போகிற ரோட்டை மட்டும் போடாமல் விட்டால் யார் போய்ச் சேர்வது? பல்கலைக்கழக அனுமதியைத் தீர்மானிக்கும் இசட் புள்ளிக்கு முன்னால் பௌதிகவியல் ஆசிரியர் வேண்டும். அவர் வந்தால் வருகிறார், ஒரு வருடத்தில் இடமாற்றம் வாங்கிக்கொண்டு ஊருக்குப் போகிறார்.

ஆகவே எங்களூரில் பட்டத்தின் பாடத்தைத் தீர்மானிப்பது பல்கலைக்கழகம் போகும் நாளில் இல்லை; பதினாறு வயதில், வீட்டுக்கும் பாடசாலைக்கும் இடையிலான தூரம் அதைத் தீர்மானிக்கிறது. நாலைந்து வருடம் கழித்து அதே பிள்ளையைப் பார்த்து "பிழையான பாடத்தை எடுத்தாய்" என்கிறீர்கள்.

இதைவிடப் பெரிய முரண் ஒன்று இருக்கிறது, அதை உங்கள் கருத்தரங்கில் யாரும் சொல்லவில்லை. வன்னியில் பட்டதாரிக்குப் பெரிய வேலைகொள்வோர் அரசாங்கம்தான். அந்த அரசாங்கம் பாடத்தைப் பற்றி எங்களுக்கு என்ன சொல்லித் தந்தது? 2017 இல் யாழ்ப்பாணத்தில் மாவட்டச் செயலகத்துக்கு முன்னால் பட்டதாரிகள் மாதக்கணக்கில் இருந்தார்கள். உங்கள் அதிகாரி பகிடி பண்ணிய கொட்டில் அதுதான். பிறகு 2020 இல் எந்தப் பாடம் என்று பாராமல் பல்லாயிரக்கணக்கான பட்டதாரிகளை ஒரே கொடுப்பனவில், ஒரே பெயரில் உள்ளே எடுத்தார்கள். வரலாறு படித்தவருக்கும் முகாமைத்துவம் படித்தவருக்கும் ஒரே மேசை. பட்டம் என்ற கடதாசி இருந்தால் போதும், பாடம் எதுவானாலும் ஒன்றுதான் என்று ஒரு தலைமுறைக்கே கற்பித்தது அந்த நியமனம். 2022 நெருக்கடிக்குப் பிறகு அரச ஆட்சேர்ப்பு இறுகியதும், அதே வாய் "நீ ஏன் ஆர்ட்ஸ் படித்தாய்" என்று கேட்கிறது.

ஆசிரியர் வெற்றிடங்களிலாவது உண்மையைச் சொல்லலாம். கணிதம், விஞ்ஞானம், ஆங்கிலம், தகவல் தொழில்நுட்பத்துக்கு ஆள் இல்லை. தமிழ், இந்து நாகரிகம், வரலாறு படித்தவர்கள் வரிசையில் நிற்கிறார்கள். உங்கள் கோப்புகளில் பாடவாரியாக இந்தக் கணக்கு இருக்கிறது. கலைப்பிரிவுப் பிள்ளையும் ஆங்கிலத்தையோ தகவல் தொழில்நுட்பத்தையோ ஒரு பாடமாகப் படித்து அந்தக் கதவால் போகலாம். அந்தப் பாடங்களைக் கலைப்பிரிவுக்குள் நடத்த ஆசிரியர் இல்லாததால் அதுவும் அடைபடுகிறது. இந்தக் கணக்கை ஏன் பிள்ளை பாடம் எடுக்குமுன் காட்டுவதில்லை? ஏன் பட்டம் முடித்தபின் மட்டும் காட்டுகிறீர்கள்?

நான் கேட்பவை இவை.

முதலாவது, அடுத்த உயர்தர வகுப்புகள் தொடங்குமுன், ஒவ்வொரு கல்வி வலயத்திலும் எந்தப் பாடசாலையில் எந்தப் பிரிவு உண்மையாகவே நடக்கிறது என்பதையும், எந்தப் பாடத்துக்கு ஆசிரியர் இருக்கிறார், எதற்கு இல்லை என்பதையும் தமிழில் பகிரங்கமாக வெளியிடுங்கள். பெயருக்கு இருக்கும் பிரிவுகளை "நடக்கிறது" என்று எழுதாதீர்கள்.

1சீ பாடசாலைகளிலிருந்து விஞ்ஞான, கணித, தொழில்நுட்பப் பிரிவுகளுக்குப் போக விரும்பும் பிள்ளைகளுக்கு விடுதி வேண்டும். பெண்பிள்ளைகளுக்கு முதலில் வேண்டும். விடுதி உடனே முடியாதென்றால், மாலை வகுப்பு முடியும் நேரத்துக்கு ஒரு பஸ் விடுவதற்குப் போக்குவரத்துச் சபையோடு எழுத்தில் ஒழுங்கு செய்யுங்கள். வன்னிக்கு வரும் பௌதிகவியல், இரசாயனவியல், இணைந்த கணித ஆசிரியர்கள் ஒரு உயர்தரத் தொகுதி பரீட்சை எழுதி முடியும்வரை மாற்றப்படக்கூடாது.

கலைப்பிரிவை மூடும் யோசனை இருந்தால் அதைக் கைவிடுங்கள். அதற்குள் ஆங்கிலம், தகவல் தொழில்நுட்பம், இரண்டாம் மொழியாகச் சிங்களம் ஆகியவற்றுக்கு ஆசிரியரைத் தாருங்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தோடும், 2021 இல் தனிப் பல்கலைக்கழகமான வவுனியாப் பல்கலைக்கழகத்தோடும் பேசி, எந்தப் பாடம் படிக்கிறவராக இருந்தாலும் ஒரு பருவம் வன்னியின் கந்தோர்களிலோ நிறுவனங்களிலோ பண்ணைகளிலோ மேற்பார்வையோடு வேலை செய்யும் ஒழுங்கை ஏற்படுத்துங்கள். கைச்செலவுக்கும் வழி செய்யுங்கள். கொடுப்பனவு இல்லாத பயிற்சி வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு மட்டும்தான் உதவும்.

நியமனங்களைத் தீர்மானிப்பவர்களிடம் தனியாக ஒரு கோரிக்கை. எந்த மாவட்டப் பட்டதாரி, என்ன பாடம் படித்து, எத்தனை வருடத்தில், என்ன வேலைக்குப் போனார் என்ற விபரத்தை வன்னியின் நான்கு மாவட்டங்களுக்கும் சேகரித்து வெளியிடுங்கள். "பாடத்தால்தான் வேலை இல்லை" என்று சொல்ல விரும்புகிறவர்கள் அதைக் கையில் வைத்துக்கொண்டு சொல்லட்டும். தவறென்று தெரிந்தால் நானும் ஏற்றுக்கொள்கிறேன். பாடசாலைகளுக்கு இணைக்கப்பட்டுப் படிப்பித்துக்கொண்டிருக்கும் அபிவிருத்தி உத்தியோகத்தர்களைப் பாடவாரியாகக் கணக்கெடுத்து, வெற்றிடம் உள்ள பாடங்களுக்கு அவர்களை ஆசிரியர் சேவைக்குள் எடுக்கும் வழியை அறிவியுங்கள்.

என் தொழிலைச் சார்ந்தும் ஒன்று கேட்கிறேன். கண்ணிவெடிகளைத் தடைசெய்யும் ஒட்டாவா உடன்படிக்கையில் இலங்கை 2017 டிசம்பரில் இணைந்தது. கண்ணிவெடிகளை அகற்றி முடிக்க வேண்டிய காலக்கெடு 2028 ஜூன் 1. அதற்குப் பிறகு எங்களைப் போன்ற வரைபடக்காரர்களும், வெளிக்களத்தில் நிற்கும் பெண்களும் வேலை இழப்போம். காணி எல்லைத் தகராறும் வன இலாகா எல்லைக் கற்களும் தூர்ந்த குளங்களும் நிறைந்த இந்த மாவட்டங்களில் வரைபடம் போடத் தெரிந்தவருக்கு வேலை இல்லை என்று சொல்லமுடியாது. பிரதேச செயலகங்களிலும் கமநல சேவை நிலையங்களிலும் அப்படியான பதவிகளை உருவாக்கும் திட்டத்தை இப்போதே தொடங்குங்கள். 2028 வந்தபிறகு குழு அமைக்கவேண்டாம்.

இந்தக் கோரிக்கைகளுக்கான பதிலை எழுத்தில், தமிழில் தாருங்கள். முடியாதவற்றுக்கு ஏன் முடியாது என்ற காரணத்தையும் எழுதுங்கள். பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் பெற்றோருக்கு வாசித்துக் காட்டக்கூடிய மாதிரி அது இருக்கவேண்டும்.

புவியியல் பட்டதாரி ஒருத்தி,
கிளிநொச்சி